ஒரு வகுப்பறைக் கேள்வி ஹேக் வரை போன கதை

பதிவு கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

டித்வா புயல் 2025 நவம்பர் கடைசியில் நம் நாட்டைப் புரட்டிப் போட்டது. 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, பதுளை, நுவரெலியா பக்கம் மலையே இறங்கி வீடுகளை மூடியது. அதற்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்திலும் தேநீர்க் கடையிலும் ஆசிரியர் அறையிலும் ஒரே பேச்சைத்தான் கேட்கிறேன்: "இதெல்லாம் பெரிய நாடுகள் செய்த வேலை. நாம என்ன செய்ய ஏலும்?"

இந்தப் பேச்சின் முதல் பாதி பெரும்பாலும் சரி. அதற்கு வரலாறு சாட்சி. இரண்டாம் பாதி சரியா என்று பார்க்கவும் வரலாற்றில் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் காரணம். தரம் 10, 11 விடைத்தாள்களில் "காலநிலை மாற்றத்துக்குக் காரணம் என்ன?" என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் ஓசோன் ஓட்டை என்று எழுதுவார்கள். மீதிப் பேரில் கொஞ்சம் பேர் பொலித்தீன் என்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான் பேசுகிறோம். ஓசோன் வேறு பிரச்சினை. பொலித்தீன் வேறு பிரச்சினை. பூமி சூடாவதற்குப் பிரதான காரணம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பது. அதற்கு அடுத்ததாகக் காடழிப்பு, மாடு, நெல்வயல், குப்பைமேடு ஆகியவற்றில் இருந்து வரும் மெதேன் போன்றவை.

நிலக்கரி என்பது ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலங்களில் புதைந்துபோன காடு. அந்த மரங்கள் காற்றில் இருந்து எடுத்த காபன் பூமிக்குள் பூட்டிக் கிடந்தது. 18ஆம் நூற்றாண்டில் நீராவி இயந்திரத்தோடு பிரித்தானியா அதைத் தோண்டி எரிக்கத் தொடங்கியது. பிறகு ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், நமது காலத்தில் சீனா, இந்தியா. கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்ததை 250 ஆண்டுகளில் காற்றுக்குத் திருப்பி அனுப்புகிறோம். கைத்தொழில் புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் மூலக்கூறுகளில் 280 அளவில்தான் காபனீரொட்சைட்டு இருந்தது. 1958இல் சார்ள்ஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது 315 அளவில் இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை, கைத்தொழில் காலத்துக்கு முந்தியதை விட 1.5 பாகை செல்சியசைத் தாண்டியது. ஒரு முழு ஆண்டு அப்படித் தாண்டியது அதுவே முதல் தடவை.

ஒரு பாகை கூடினால் காற்று சுமார் 7 வீதம் அதிகமான நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஒரு நாள் கொட்டும். ஒவ்வொரு புயலையும் எடுத்து "இது காலநிலை மாற்றத்தால்தான் வந்தது" என்று சொல்ல முடியாது. ஆனால் வருகிற புயல் கூடுதல் தண்ணீரோடு வருகிறது என்று சொல்லலாம்.

இது தெரியாமல் நடந்ததா? 1856இல் அமெரிக்கப் பெண்மணி யுனிஸ் ஃபுட் கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்துப் பார்த்து, காபனீரொட்சைட்டு நிறைந்த குழாய் கூடுதலாகச் சூடாவதை எழுதிவைத்தார். 1859இல் ஜோன் டிண்டல் ஆய்வுகூடத்தில் அளந்து காட்டினார். 1896இல் சுவீடனின் அரேனியஸ் இந்த வாயு இரட்டிப்பானால் பூமி எத்தனை பாகை சூடாகும் என்று கையால் கணக்குப் போட்டார். 1977இல் எக்ஸோன் எண்ணெய்க் கம்பனியின் சொந்த விஞ்ஞானி ஒருவரே தனது நிர்வாகத்துக்கு இதை விளக்கினார். தெரிந்தவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். காபனீரொட்சைட்டு நூற்றாண்டுக்கணக்கில் காற்றில் நிற்கும். 1882இல் இலண்டன் ஹோல்போர்னில் தொடங்கிய நிலக்கரி மின் நிலையத்தின் புகையில் ஒரு பங்கு இன்னும் நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. பிரித்தானியா தனது கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டெம்பர் 30 அன்று மூடியது. நல்ல விடயம். ஆனால் 142 ஆண்டுப் புகையைத் திருப்பி எடுக்க முடியாதே. பொறுப்பு என்று பேசும்போது இன்றைய புகையோடு பழைய கணக்கையும் பார்க்க வேண்டி வருவது இதனால்தான்.

இனிக் கதைக்கு வருவோம்.

பசிபிக் கடலில் வனுவாட்டு என்று ஒரு நாடு. 80 அளவிலான தீவுகள், சுமார் மூன்று இலட்சம் மக்கள். நம் நாட்டில் ஒரு மாவட்ட அளவு சனம். 1980 வரை பிரித்தானியாவும் பிரான்சும் சேர்ந்து ஆண்ட இடம். அவர்கள் விடும் புகை உலகக் கணக்கில் தூசிக்கும் காணாது. 2015 மார்ச்சில் பாம் என்ற புயல் அடித்தது. ஒரே இரவில் நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் 60 வீதத்துக்கும் மேல் நட்டம்.

அவர்கள் சும்மா இருந்தவர்களும் இல்லை. 1990இல் சிறு தீவு நாடுகள் கூட்டணி அமைந்தபோது முன்னின்றது வனுவாட்டு. 1991இல் "கடல் ஏறினால் எங்களுக்கு ஏற்படும் இழப்புக்கு ஒரு காப்புறுதி நிதி வேண்டும்" என்று கூட்டணியின் பெயரில் கேட்டார்கள். 1992இல் எழுதப்பட்ட உலக ஒப்பந்தத்தில் அது சேர்க்கப்படவில்லை. அதுபோன்ற ஒரு நிதிக்கு உலகம் தலையாட்டியது 2022இல், எகிப்தின் ஷர்ம் அல்-ஷெய்க் மாநாட்டில். 31 ஆண்டுகள்! அதுவும் நிதி என்ற பெயர்தான் கிடைத்தது. அதற்குள் விழுந்த பணம் தேவைக்கு முன்னால் சில்லறை.

2019இல் வனுவாட்டுத் தலைநகர் போர்ட் விலாவில், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட வகுப்பில் 27 மாணவர்கள் இருந்தார்கள். வெவ்வேறு தீவு நாடுகளில் இருந்து வந்தவர்கள். காலநிலை மாற்றத்துக்கு எதிராகச் சர்வதேசச் சட்டத்தில் என்ன வழிகள் இருக்கின்றன என்று தேடுவது அவர்களுக்குக் கிடைத்த வேலை. நம் பிள்ளைகள் ஒப்படை செய்வதுபோல. அவர்கள் தேடிப் பிடித்த வழி: ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்துக் கேட்பது.

இந்த வழியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த நீதிமன்றத்தில் ஒரு தனிமனிதன் வழக்குப் போட முடியாது. நாடுகள்தான் போடலாம், அதுவும் எதிராளி நாடு அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றிருந்தால். ஆனால் ஐ.நா. பொதுச் சபை "சட்டம் என்ன சொல்கிறது?" என்று ஒரு கேள்வியை அனுப்பினால் நீதிமன்றம் பதில் சொல்லும். பாதுகாப்புச் சபையில் போல அங்கே வீட்டோ கிடையாது. அமெரிக்காவுக்கும் ஒரு வாக்கு, வனுவாட்டுக்கும் ஒரு வாக்கு.

மாணவர்களுக்கு முன்மாதிரிகள் இரண்டு இருந்தன. ஒன்று வென்றது, ஒன்று தோற்றது. வென்றது அணுவாயுதம் பற்றிய கேள்வி. நியூசிலாந்தில் ஓய்வுபெற்ற நீதவான் ஹெரோல்ட் எவன்ஸ் 1980களில் கடிதம் எழுதத் தொடங்கினார். வைத்தியர்கள், சட்டத்தரணிகள், அமைதி இயக்கங்கள் சேர்ந்தன. 1994இல் பொதுச் சபை கேள்வியை அனுப்பியது, 1996இல் பதில் வந்தது. தோற்றது பலாவு. 2011இல் அந்தச் சின்னத் தீவு நாட்டின் ஜனாதிபதி ஐ.நா.வில் எழுந்து, காலநிலை பற்றி நீதிமன்றத்திடம் கேட்போம் என்று அறிவித்தார். பெரிய நாடுகளின் எதிர்ப்பில் அது வாக்கெடுப்பு வரைகூடப் போகவில்லை. தனியாகப் போனால் நசுக்கிவிடுவார்கள் என்பது அங்கிருந்து கிடைத்த பாடம்.

மாணவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். 'காலநிலை மாற்றத்துக்கு எதிராகப் போராடும் பசிபிக் தீவு மாணவர்கள்' என்பது பெயர். சொலமன் தீவுகளைச் சேர்ந்த சொலமன் இயோ, சிந்தியா ஹவுனியுஹி ஆகியோர் முன்னால் நின்றார்கள். பசிபிக் நாட்டுத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். கையில் எடுத்தது வனுவாட்டு அரசு. அப்போதைய வெளிநாட்டமைச்சர் ரால்ஃப் ரெகன்வானு மாணவர்களை அழைத்துப் பேசினார். அதே ஆண்டு ஓகஸ்டில் துவாலுவில் நடந்த பசிபிக் தலைவர்கள் மாநாட்டில் யோசனை முன்வைக்கப்பட்டது. தலைவர்கள் அதைக் "குறித்துக்கொண்டார்கள்". சங்கக் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை, தேநீர் குடித்துவிட்டு எழும்பிவிட்டார்கள்.

நம்மவர்கள் பெரும்பாலும் நிறுத்தும் இடம் அதுதான். ஒரு மகஜர் கொடுப்போம், படம் எடுத்துப் போடுவோம், முடிந்தது. அந்தப் பிள்ளைகள் நிறுத்தவில்லை. பிறகு கொரோனா வந்தது, எல்லைகள் மூடின. இணையத்தில் மற்றக் கண்டங்களின் இளைஞர்களைச் சேர்த்து இன்னொரு வலையமைப்பு உருவானது. 2021 செப்டெம்பரில் வனுவாட்டு உத்தியோகபூர்வமாக அறிவித்தது. குவாம் தீவைச் சேர்ந்த சட்டத்தரணி ஜூலியன் அகுவோன் சட்டக் குழுவை வழிநடத்தினார். கேள்வியின் வாசகத்தை எழுதவே பல மாதங்கள் போயின. எந்த நாட்டின் பெயரும் அதில் இல்லை. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. இரண்டே விடயம்: காலநிலையைப் பாதுகாக்க நாடுகளுக்கு என்ன சட்டக் கடமை இருக்கிறது? அந்தக் கடமையை மீறிப் பாரிய தீங்கு செய்தால் சட்டப்படி என்ன விளைவு? இப்படிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் முகம் வராது. கெட்டிக்கார வேலை என்று நான் நினைப்பது இந்த வாசகத்தைத்தான்.

வனுவாட்டோடு சேர்ந்து 18 நாடுகள் அந்தத் தீர்மானத்தைச் சுமந்தன. முஸ்லிம் நாடுகளில் பங்களாதேஷும் மொரோக்கோவும் அதில் இருந்தன. 2023 மார்ச் தொடக்கத்தில் ஜூடி, கெவின் என்ற இரண்டு புயல்கள் சில நாள் இடைவெளியில் வனுவாட்டை அடித்தன. அதே மாதம் 29ஆம் திகதி, 130க்கும் மேற்பட்ட நாடுகளின் இணை ஆதரவோடு, வாக்கெடுப்பே இல்லாமல் ஐ.நா. பொதுச் சபை தீர்மானத்தை ஏற்றது.

2024 டிசம்பர் 2 முதல் 13 வரை ஹேக்கில் விசாரணை. 96 நாடுகளும் 11 சர்வதேச அமைப்புகளும் வாதிட்டன. அந்த நீதிமன்றம் அதற்கு முன் கண்டிராத கூட்டம். முதல் நாளே சிந்தியா ஹவுனியுஹி நீதிபதிகள் முன் நின்று பேசினார்.

ஒரு கசப்பான விடயத்தையும் சொல்ல வேண்டும். "பாரிஸ் ஒப்பந்தம் போன்றவை இருக்கின்றன, அதற்கு வெளியே எங்களுக்கு வேறு கடமை இல்லை" என்று வாதிட்டவர்கள் அமெரிக்கா, சீனா, அவுஸ்திரேலியா மட்டுமல்ல. சவூதி அரேபியாவும் குவைத்தும் அதே பக்கத்தில் நின்றன. 2015இல் உலகின் பல பாகங்களில் இருந்து வந்த முஸ்லிம் அறிஞர்கள் இஸ்தான்பூலில் கூடிக் காலநிலை பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். இந்த வாயுக்களைக் கைவிடுவதில் செல்வந்த நாடுகளும் எண்ணெய் உற்பத்தி நாடுகளும் முன்னுக்கு வர வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். குத்பாக்களில் அந்தப் பிரகடனத்தைப் பற்றி நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அர்-ரூம் அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தைக் கேட்டிருக்கிறேன். அந்த வசனம் கரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டை மனிதர் கைகள் தேடியதோடுதான் இணைக்கிறது. "எல்லாம் சோதனை, நாம சும்மா இருப்போம்" என்று அதற்கு அர்த்தம் சொல்ல இடமில்லை.

2025 ஜூலை 23 அன்று நீதிமன்றத் தலைவர் யூஜி இவாசவா கருத்தை வாசித்தார். எல்லா நீதிபதிகளும் ஏகமனதாக. அந்த நீதிமன்றத்தில் ஏகமனதான ஆலோசனைக் கருத்து மிக அரிது. என்ன சொன்னார்கள்? காலநிலையைப் பாதுகாப்பது விருப்பம் சார்ந்த விடயமல்ல, சட்டக் கடமை. ஒப்பந்தங்களுக்கு வெளியே, எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் வழமைச் சட்டத்திலும் அந்தக் கடமை உண்டு. ஆகவே ஒப்பந்தத்தை விட்டு விலகினால் தப்பிவிடலாம் என்று யாரும் நினைக்க முடியாது. எண்ணெய், நிலக்கரி தோண்ட அனுமதிப் பத்திரம் கொடுப்பதும் அதற்கு மானியம் கொடுப்பதும்கூடச் சட்டவிரோதச் செயலாகலாம். கடமையை மீறிய நாடு தீங்கை நிறுத்த வேண்டும், தொடர்பு நிரூபிக்கப்பட்டால் நட்டஈடும் கொடுக்க வேண்டும்.

இந்தக் கருத்து யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. மறுநாள் காலையில் ஒரு புகைபோக்கிகூட நிற்கவில்லை. ஆனால் இனி உலகின் எந்த மூலையில் ஒரு நீதிமன்றத்தில் காலநிலை வழக்கு வந்தாலும் சட்டத்தரணியின் கையில் இந்தக் காகிதம் இருக்கும்.

இதில் நம் நாட்டுக்கு ஒரு பங்கு இருப்பது பலருக்குத் தெரியாது. நம் உயர் நீதிமன்றத்தில் நீதியரசராக இருந்த சி.ஜி. வீரமந்திரி 1991 முதல் 2000 வரை அதே ஹேக் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார், பின்னர் உப தலைவராகவும். 1997இல் டானூப் ஆற்று அணைக்கட்டு பற்றி ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையில் வந்த வழக்கில் அவர் ஒரு தனிக் கருத்து எழுதினார். அபிவிருத்தியையும் சுற்றாடலையும் சேர்த்துப் பார்க்கும் கொள்கை மேற்கு நாடுகள் நேற்றுக் கண்டுபிடித்ததல்ல, பழைய நாகரிகங்களில் வேரூன்றியது என்பது அவரது வாதம். அதற்கு உதாரணமாக நம் குளங்களை எடுத்தார். மண்ணரிப்பைத் தடுக்கவென்றே கட்டிய குளங்கள், காட்டு விலங்குகளுக்கென்று காட்டுக்குள் கட்டிய குளங்கள் எல்லாம் அதில் வருகின்றன. தேவநம்பிய தீசனுக்கு மஹிந்த தேரர் சொன்ன உபதேசம் வருகிறது: நீ நிலத்தின் சொந்தக்காரன் அல்ல, காவல்காரன். அதோடு இஸ்லாமியச் சட்டத்தையும் எடுத்தார்: நிலம் இறைவனுக்குரியது, மனிதன் கையில் இருப்பது அமானிதம், வரும் தலைமுறைக்காகப் பேண வேண்டியது. ஒரு முஸ்லிம் அல்லாத நீதிபதி, கிலாஃபத், அமானத் என்று நாம் மதரசாவில் படித்த விடயத்தை உலக நீதிமன்றப் பதிவேட்டில் ஏற்றினார். அணுவாயுத வழக்கில் எந்தச் சூழ்நிலையிலும் அந்த ஆயுதம் சட்டவிரோதம் என்று மாற்றுக் கருத்து எழுதியவரும் அவர்தான். 2007இல் அவருக்கு 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது. 2025இல் அதே விருது அந்தப் பசிபிக் மாணவர்களுக்கும் அகுவோனுக்கும் கிடைத்தது.

சரி, நாம்.

போராட முன் பிரச்சினையைச் சரியாகப் பெயரிட வேண்டும். ஒலுவிலில் கடல் வீட்டு வாசலுக்கு வந்ததைக் காலநிலை மாற்றம் என்று சிலர் எழுதுகிறார்கள். கடல் மட்டம் உயர்வது உண்மை. ஆனால் ஒலுவில் கரை அவ்வளவு வேகமாகக் கரைந்தது துறைமுகக் கட்டுமானம் மணலின் ஓட்டத்தை மறித்த பிறகு. அதற்குப் பொறுப்பு ஹேக்கில் இல்லை, கொழும்பில் இருக்கிறது. எல்லாவற்றையும் உலகத்தின் தலையில் போட்டால் உள்ளூரில் பதில் சொல்ல வேண்டியவர்கள் தப்பிவிடுவார்கள்.

நமக்கும் கதவுகள் இருக்கின்றன. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் ஒரு பெரிய திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்தால், அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. பிரதேச செயலகத்தில் போய் அந்த அறிக்கையைப் புரட்டிப் பார்த்த எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு தாளில் கேள்வி எழுதிக் கொடுத்தால், தருவோம் அல்லது தரமாட்டோம் என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். அரச நிர்வாகம் நம் அடிப்படை உரிமையை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். அந்த ஒரு மாதம் முக்கியம். கூட்டம் கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அது போய்விடும்.

இவை காகிதத்தில் மட்டும் இருப்பவை என்பவர்களுக்கு சம்பூரைச் சொல்கிறேன். இந்தியாவின் என்.டி.பி.சி. நிறுவனமும் நம் மின்சார சபையும் சேர்ந்து சம்பூரில் 500 மெகாவொட் நிலக்கரி மின் நிலையம் கட்டவிருந்தன. நுரைச்சோலையில் 900 மெகாவொட் ஏற்கெனவே எரிகிறது, புத்தளத்து மக்களிடம் அதன் சாம்பலைப் பற்றிக் கேளுங்கள். சம்பூர், மூதூர்ப் பக்கத்து மக்கள் எதிர்த்தார்கள். சுற்றாடல் அமைப்பொன்று உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்டது. 2016 செப்டெம்பரில் அந்த வழக்கில், சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் கட்டப்படாது என்று அரச தரப்பு நீதிமன்றத்துக்கு அறிவித்தது. வழக்கு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், கொழும்புக்கும் டில்லிக்கும் இடையில் வேறு கணக்குகளும் ஓடின. ஆனால் மனு இல்லாவிட்டால் அந்த வாக்குறுதி நீதிமன்றப் பதிவில் ஏறியிருக்காது.

சம்பூர் மக்களின் காணிப் பிரச்சினை தனிக் கதை, இன்னொரு பதிவில் எழுதுகிறேன். மின்சாரத்தைப் பொறுத்தவரை, 2025 ஏப்ரல் 5 அன்று இந்தியப் பிரதமரும் நம் ஜனாதிபதியும் சேர்ந்து சம்பூரில் 120 மெகாவொட் திட்டமொன்றைத் தொடக்கி வைத்தார்கள். இந்த முறை சூரிய சக்தி.